தமிழகச் சூழலில் காளான் வளர்ப்பு: அகவளர்ப்பும் புறவளர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

உண்ணத்தக்க காளான்களும் மருத்துவப் பயன் கருதி வளர்க்கப்படும் காளான்களும் இன்று குடில்களிலும் திறந்தவெளிகளிலும் பயிராகின்றன. எந்தக் காளானைக் குடிலுக்குள் வளர்ப்பது, எதனை வெளியில் வளர்ப்பது என்னும் வினாவுக்குச் சந்தை விலையைக் கொண்டு விடை காண்போர் பலர். அவ்விடையைக் காளானின் இயல்பிலிருந்தே பெறவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். வளர்தளத்தில் போட்டி நுண்ணுயிர்களை யார் அடக்குகிறார், எதனால் அடக்குகிறார் என்பதே அகவளர்ப்பையும் புறவளர்ப்பையும் பிரிக்கும் எல்லை. சிப்பிக்காளான், பால் காளான், வைக்கோல் காளான், கானோடெர்மா ஆகிய நான்கனைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து விளக்கப்படுகிறது. வளர்ப்போர், உண்போர், அண்டை நிலத்துப் பயிர் ஆகியோருக்கு நேரக்கூடிய தீங்குகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆம்பி, காளான் வித்து, வளர்தளம், சிப்பிக்காளான், பால் காளான், வைக்கோல் காளான், கானோடெர்மா, தஞ்சாவூர் வாடல் நோய்.

முன்னுரை

காளானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆம்பி என்பதாகும். சங்க இலக்கியத்தில் ஆம்பி வறுமையின் அடையாளமாக இடம்பெறுகிறது. புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், நெடுநாள் சமையல் நடவாத தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்திருப்பதைக் குமணனிடம் கூறுகிறார். சிறுபாணாற்றுப்படையிலும் வறிய பாணனின் அடுக்களையில் கறையான் மண்ணும் காளானும் காணப்படுகின்றன. இக்காட்சிகள் வறுமையைக் காட்டுவதோடு ஓர் இயற்கை உண்மையையும் உட்கொண்டுள்ளன. நாள்தோறும் எரியும் அடுப்பில் பூசணம் வாழாது. நெருப்பு நின்று ஈரம் தங்கிய பின்னரே அது அவ்விடத்தைக் கைக்கொள்கிறது. வெப்பமும் ஈரமும் யாருக்கு இடம் தருகின்றன என்பதே காளான் வளர்ப்பின் அடிப்படை வினா. இன்றைய வளர்ப்பாளர் அதே வெப்பத்தைக் கொண்டு தாம் விரும்பாத உயிர்களை விலக்கி, விரும்பும் காளானுக்கு மட்டும் இடம் தருகிறார்.

வளர்ப்பில் இறங்குவோர் பலர் விலையை மட்டும் கருதிக் காளானைத் தேர்ந்து, முதலையும் உழைப்பையும் இழப்பதுண்டு. இழப்பின் காரணத்தை வித்தின் தரத்தில் தேடுவர். தேர்ந்த இனத்துக்கும் வளர்க்கும் இடத்துக்கும் பொருத்தமின்மையே காரணமாக இருக்கக்கூடும் என்பது கருதப்படுவதில்லை. எனவே இனம், இடம், முறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்துள்ள வகையை அறிதல் இன்றியமையாததாகும்.

காளானின் உணவும் போட்டியும்

காளான் தாவரமன்று. பச்சையம் இல்லாமையால் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. மண்ணிலோ மரத்திலோ வைக்கோலிலோ பரவியிருக்கும் நுண்ணிய இழைகளே அதன் உடல். அவ்விழைகள் நொதிகளைச் சுரந்து செல்லுலோசையும் லிக்னினையும் சிதைத்து, கரைந்த உணவை உறிஞ்சுகின்றன. நாம் பறிக்கும் குடைவடிவப் பகுதி, வித்துத்துகள்களைப் பரப்புவதற்காக அவ்வுடல் குறுகிய காலத்துக்கு வெளிப்படுத்தும் உறுப்பே. மரத்துக்குக் கனி எவ்வாறோ, இழைக்குக் காளான் அவ்வாறு எனலாம்.

வைக்கோலை விரும்பி உண்ணும் உயிர் காளான் மட்டுமன்று. டிரைக்கோடெர்மா எனும் பச்சைப் பூசணம், மைக்காளான் எனப்படும் காப்ரைனஸ், பலவகைப் பாக்டீரியாக்கள் ஆகியவையும் அதே உணவுக்காகக் காத்திருக்கின்றன. இவற்றுள் பல, காளான் இழையைவிட விரைந்து வளர்பவை. ஆகவே வளர்ப்பாளர் செய்யும் ஒவ்வொரு செயலும் இப்போட்டியில் காளானுக்கு முந்துநிலை தருவதற்கானது. அம்முந்துநிலை மூன்று வழிகளில் கிட்டுகிறது. போட்டியாளரை வெப்பத்தால் குறைத்தல் முதலாவது வழி. போதிய அளவு காளான் வித்தை இட்டு, இழை விரைவில் பரவச் செய்தல் இரண்டாவது. போட்டியாளர் தாங்காத வெப்பநிலையையோ உணவையோ தேர்தல் மூன்றாவது. குடிலுக்குள் முதல் இரு வழிகள் மேலோங்குகின்றன. திறந்தவெளியில் மூன்றாவது வழியே பெரும்பங்கு வகிக்கிறது.

இங்கே ஒரு விதி புலப்படுகிறது. வளர்தளத்தில் சத்து மிகுமளவுக்குப் போட்டியும் மிகும். வெறும் வைக்கோல் சத்துக் குறைந்தது. அதனை 80 பாகை செல்சியசு வெந்நீரில் பதப்படுத்தினாலே போதும். தவிடு கலந்த மரத்தூள் சத்து மிக்கது; அதனை 121 பாகையில் அழுத்தக் கலனில் முற்றாக நுண்ணுயிர் நீக்கினாலன்றிக் காளான் இழை அதில் நிலைபெறாது. விளைச்சலைப் பெருக்கும் நோக்கில் வைக்கோல் படுக்கையில் அளவின்றித் தவிடு சேர்ப்போர் பச்சைப் பூசணத்துக்கே உணவளிக்கின்றனர்.

வெப்பநிலையும் இனத்தேர்வும்

உலகச் சந்தையில் பெயர்பெற்ற மொட்டுக்காளான், காளான் வெளிப்படும் பருவத்தில் 14 முதல் 18 பாகை வரையிலான குளிர்ச்சியை வேண்டுவது. தமிழகத்தில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகள் மட்டுமே இயல்பாக இதற்கு இசைந்தவை. சமவெளியில் இதனை வளர்க்கக் குளிரூட்டப்பட்ட அறை வேண்டும். மின்தடை நேரும் ஒரு நாள் முழு விளைச்சலையும் பாழாக்கக்கூடும்.

சிப்பிக்காளான் இனங்கள் பலவும் 20 முதல் 30 பாகைக்கு இடைப்பட்ட வெப்பநிலையில் வளர்கின்றன. 1917-இல் ஜெர்மனியில் பால்க் என்பார் மரக்கட்டைகளில் இதனை வளர்த்துக் காட்டினார். தொடக்கத்தில் இது புறவளர்ப்புப் பயிரே. இந்தியாவில் 1962-இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் பானோ, ஸ்ரீவாஸ்தவா ஆகியோர் இதனை நெல் வைக்கோலில் வளர்க்கும் முறையை வகுத்தனர். மரக்கட்டையிலிருந்து வைக்கோலுக்கு மாறியமையே இக்காளானைக் குடிலுக்குள் கொண்டுவந்தது எனலாம்.

பால் காளான் இந்திய மண்ணுக்கு உரியது. மேற்கு வங்கத்தில் இயற்கையாக முளைத்த இதனைப் புர்காயஸ்தா, சந்திரா ஆகியோர் 1974-இல் கேலோசைப் இண்டிகா எனப் பெயரிட்டு விவரித்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்னும் இரகத்தை வெளியிட்ட பின்னர் இது வணிகப் பயிராயிற்று. 30 முதல் 35 பாகை வரையிலான வெப்பத்தில் செழிப்பதால், சிப்பிக்காளானின் விளைச்சல் குன்றும் கோடைத் திங்கள்களில் இது கைகொடுக்கிறது. ஒரே குடிலில் ஒரே காளானை ஆண்டு முழுதும் வளர்க்க முயல்வதைவிட, குளிர்ந்த பருவத்தில் சிப்பிக்காளானும் வெம்மைப் பருவத்தில் பால் காளானும் என மாற்றிப் பயிரிடுதல் சமவெளிக்கு ஏற்றதாகும்.

அகவளர்ப்பு: சிப்பிக்காளான்

அகவளர்ப்பின் முதற்படி காளான் வித்து. அரைவேக்காடாக வெந்த சோள மணிகளை நிழலில் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட்டுக் கலந்து, வெப்பம் தாங்கும் பைகளில் நிரப்பிப் பஞ்சால் அடைத்து, அழுத்தக் கலனில் நுண்ணுயிர் நீக்கிய பின் தூய காளான் இழையை அவற்றில் இடுவர். ஏறத்தாழ 15 முதல் 18 நாள்களில் இழை வெண்ணிறமாக மணிகளைப் போர்த்துவிடும். பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறப்புள்ளி காணப்படும் வித்தும் புளித்த நாற்றம் வீசும் வித்தும் பயன்படுத்தத் தகாதவை.

வைக்கோலை 5 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக வெட்டி, ஏறத்தாழ 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைத்து, நீரை வடித்து நிழலில் உலர்த்துவர். கையில் எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் உணரப்படவேண்டும். இது ஏறத்தாழ 65 விழுக்காடு ஈரத்தைக் குறிக்கும். ஈரம் மிகுந்தால் வைக்கோலின் இடைவெளிகளில் காற்று அற்றுப் பாக்டீரியா பெருகும். குறைந்தால் இழை பரவாது. பயிரின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த ஒரு படியிலேயே முடிவாகிவிடுகிறது.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட நெகிழிப் பையின் அடியைக் கட்டி, வைக்கோலை ஓர் அடுக்காகவும் அதன் ஓரங்களில் வித்தை ஓர் அடுக்காகவும் மாற்றி மாற்றி நிரப்பி, வாயைக் கட்டிச் சிறு துளைகள் இடுவர். இதுவே உருளைப் படுக்கை. இது 25 முதல் 28 பாகையில் 15 முதல் 20 நாள்கள் வித்துப் பரவும் அறையில் தொங்கவிடப்படும். இக்கட்டத்தில் இழைக்கு ஒளி தேவையில்லை. பைக்குள் கரிவளி மிகுந்திருப்பதையும் அது பொறுத்துக்கொள்ளும்.

பை முழுதும் வெண்மையானபின் தேவைகள் தலைகீழாகின்றன. நெகிழித் தாளைக் கிழித்துப் படுக்கையைக் காளான் வளர்ப்பு அறைக்கு மாற்றுவர். அங்கே 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும் நாளிதழ் படிக்கும் அளவுக்கு மங்கிய ஒளியும் தூய காற்றோட்டமும் வேண்டும். காற்றோட்டம் குறைந்து கரிவளி தேங்கினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். இத்தகைய காளான்களைக் காணும் வளர்ப்பாளர் நீரையோ வித்தையோ குறைகூறுவது வழக்கம். உண்மையில் தேவைப்படுவது ஒரு சாளரமே. மொட்டு வெளிப்பட்ட சில நாள்களில் முதல் அறுவடை கிடைக்கும். இரண்டாம், மூன்றாம் அறுவடைகளும் சேர்ந்து 35 முதல் 45 நாள்களில் ஒரு பயிர் நிறைவுறும். நன்கு பேணப்பட்ட குடிலில் ஒரு கிலோ உலர் வைக்கோல் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை புதிய காளானைத் தரும்.

மண்ணின் பங்கு: பால் காளான்

பால் காளானின் தொடக்கப் படிகள் சிப்பிக்காளானைப் போன்றவையே. வேறுபாடு இழை பரவியபின் தோன்றுகிறது. வைக்கோலில் இழை முழுதும் பரவினாலும் மண் மேற்பூச்சு இன்றிப் பால் காளான் முறையாக வெளிப்படுவதில்லை. எனவே உருளைப் படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேற்பரப்பில் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு, நீராவியில் பதப்படுத்திய தோட்ட மண்ணை இடுவர். மண்ணில் கால்சியம் கார்பனேட்டுக் கலந்து அதனைச் சற்றே காரத்தன்மை உடையதாக்குவர். மேற்பூச்சு ஈரத்தைச் சேமித்துத் தருவதோடு, சத்துக் குறைந்த சூழலை இழைக்குக் காட்டி, காளானாக வெளிப்படத் தூண்டுகிறது.

மேற்பூச்சிட்ட ஏறத்தாழ 10 நாள்களில் மொட்டுகள் தோன்றும்; அதற்கு அடுத்த ஒரு வாரத்தில் அறுவடைக்கு வரும். பகுதி நிலத்துக்குள் தாழ்த்தி, நீலநிற நெகிழித் தாளால் அரைவட்டக் கூரை வேய்ந்த குடில் இதற்கு ஏற்றது. நிலத்தின் ஈரமும் கூரைவழி வரும் ஒளியும் வெம்மையும் ஒருங்கே கிட்டுவதால், இக்குடில் அகத்துக்கும் புறத்துக்கும் இடைப்பட்டது எனலாம். பறித்த சிப்பிக்காளான் அறை வெப்பத்தில் ஒரு நாளில் வாடிவிட, பால் காளான் மூன்று நாள்களுக்கும் மேல் நிலைத்திருப்பது தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்புவோர்க்கு உதவுவதாகும்.

புறவளர்ப்பு: வைக்கோல் காளான்

இந்தியாவில் வைக்கோல் காளான் வளர்ப்பு 1940-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் தொடங்கிற்று. இன்று ஒடிசாவே இதன் முதன்மை விளைநிலமாக உள்ளது. வால்வேரியெல்லா வால்வேசியா என்னும் இவ்வினம் 30 முதல் 35 பாகை வெம்மையை விரும்புவது. இழை மிக விரைந்து பரவுவது. இவ்விரு பண்புகளே இதனைத் திறந்தவெளிக்கு ஏற்றதாக்குகின்றன. ஈர வைக்கோற் குவியல் தன்னுள் இயல்பாக வெப்பத்தைத் தோற்றுவிக்கும். அவ்வெப்பத்தில் போட்டியாளர் பலர் பின்தங்க, இக்காளான் முந்துகிறது. குடிலில் மனிதர் மூட்டும் நெருப்பின் வேலையை இங்கே குவியலே செய்துகொள்கிறது.

மிதிபடாத நீண்ட வைக்கோலைக் கட்டுகளாகக் கட்டி, 12 முதல் 16 மணி நேரம் ஊறவைத்து, நீர் வடிந்தபின் மரநிழலில் உயர்த்திய மேடைமீது குறுக்கும் நெடுக்குமாக நான்கு ஐந்து அடுக்குகள் அடுக்குவர். ஒவ்வோர் அடுக்கிலும் ஓரத்திலிருந்து சற்று உள்ளே வித்தைத் தூவி, அதன்மீது சிறிது பருப்புப் பொடி இடுவர். நெகிழித் தாளால் மூடி ஒரு வாரம் கழித்துத் திறந்தால், இரண்டு வாரத்துக்குள் முட்டை வடிவக் காளான்கள் தோன்றும். உறை கிழிந்து குடை விரியுமுன் பறித்தல் வேண்டும். பருப்புப் பொடியை அளவுக்கு மீறி இட்டால் தழைச்சத்து மிகுந்து மைக்காளான் படுக்கையை நிறைத்துவிடும்.

இம்முறையின் செலவு குறைவு, விளைச்சலும் குறைவு. உலர் வைக்கோலின் எடையில் 10 முதல் 15 விழுக்காடே கிடைக்கும். மேலும் இக்காளான் வெப்ப மண்டலத்துக்கே உரியதாகையால் குளிர்ப்பெட்டியில் 4 பாகையில் வைத்தால் நீர் கசிந்து கூழாகிவிடும். பறித்த நாளிலேயே அண்மைச் சந்தையில் விற்கவோ வீட்டில் சமைக்கவோ இயலும் இடத்தில் மட்டுமே இதனைப் பயிரிடுதல் தகும். வைக்கோலும் நிழலும் உள்ள உழவர் குடும்பத்துக்கு இது இசைவானது. நகரத்தின் மாடி அறைக்கு இசைவானதன்று.

புறத்தே முளைக்கும் யாவும் வளர்ப்புக்கு வருவனவும் அல்ல. மழைக்காலத்தில் நம் மக்கள் தேடிப் பறிக்கும் புற்றுக்காளான், கறையான்களோடு பிரிக்கவியலாத கூட்டுவாழ்வு நடத்துவது. கறையான் தன் கழிவால் அமைக்கும் கூட்டில் இதன் இழையை வளர்த்து உண்கிறது. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உறவு இது. மனிதர் இதனை வணிக அளவில் வளர்க்க இயலாமையால், புற்றை இடிக்காமல் காளானை மட்டும் பறிப்பதே அதனைப் பேணும் வழியாகும்.

மருத்துவக் காளான்: வளர்ப்பும் வரம்பும்

ஷிட்டாக்கே காளானை ஜப்பானியர் மரக்கட்டைகளில் துளையிட்டு வித்தூன்றி, நிழற்சோலைகளில் நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். முதல் விளைச்சலுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்கவேண்டும்; பின்னர்ச் சில ஆண்டுகள் அக்கட்டை பலன் தரும். இது வெளிப்படக் குளிர்ச்சி வேண்டுமாதலால் நம் சமவெளிக்கு ஏற்றதன்று.

கானோடெர்மா எனும் ரெய்ஷிக் காளான் வெம்மையில் வளர்வது. அகன்ற இலை மரங்களின் தூளில் கோதுமைத் தவிடு கலந்து, அழுத்தக் கலனில் நுண்ணுயிர் நீக்கி, வித்திட்டு, ஏறத்தாழ 30 பாகையில் வளர்ப்பர். தொடக்கத்தில் கரிவளி மிகுந்திருந்தால் இது மான்கொம்பு போலக் கிளைக்கும்; காற்றோட்டம் தந்தபின் விசிறி வடிவில் விரியும். ஒரு பயிருக்கு மூன்று நான்கு திங்கள்கள் ஆகும். கட்டை போன்று இறுகியதாகையால் இதனை உணவாகச் சமைக்க இயலாது; உலர்த்திப் பொடியாகவோ சாறாகவோ பயன்படுத்துவர்.

மருத்துவப் பயன் குறித்துக் கூறுங்கால் அளவறிந்து கூறுதல் வேண்டும். ஷிட்டாக்கேயிலிருந்து பெறப்படும் லென்டினன், டிராமீட்டஸ் இனத்திலிருந்து பெறப்படும் கிரெஸ்டின் ஆகியவை ஜப்பானில் புற்றுநோய் மருத்துவத்துக்குத் துணைமருந்துகளாக ஒப்புதல் பெற்றவை. அவை தூய்மைப்படுத்தப்பட்ட கூறுகள். மருத்துவர் தரும் முதன்மை மருந்துகளோடு சேர்த்தே பயன்படுத்தப்பட்டவை. கானோடெர்மா குறித்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வறிக்கை, புற்றுநோய்க்கு முதன்மை மருந்தாக அதனைக் கொள்ளப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறிற்று. எனவே காளான் பொடி நோயை நீக்கும் என விற்போரின் கூற்றை நம்பி மருத்துவத்தை நிறுத்துதல் உயிருக்கே இடராகும். இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது.

உணவுச் சத்தைக் கூறுவதிலும் இதே நேர்மை வேண்டும். உலர் எடையில் காளானின் புரதம் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டதென்பது உண்மையே. ஆயினும் புதிய காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீராகையால், 100 கிராம் சிப்பிக்காளானில் கிடைப்பது ஏறத்தாழ 3 கிராம் புரதமே. இறைச்சிக்கு நிகர் என்னும் விளம்பரம் இவ்வேறுபாட்டை மறைக்கிறது. அதேவேளை ஒரு நன்மை போதிய அளவு அறியப்படாமல் உள்ளது. காளானில் உள்ள எர்கோஸ்டெரால், வெயில்பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். குடைகளின் அடிப்பக்கம் மேல்நோக்க வெயிலில் உலர்த்துவது இதற்கு எளிய வழியாகும்.

தென்னந்தோப்பும் கானோடெர்மாவும்

தமிழகத்தில் கானோடெர்மா வளர்ப்போர் கருதவேண்டிய தனிச்செய்தி ஒன்றுண்டு. 1950-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் அறியப்பட்டமையால் தஞ்சாவூர் வாடல் நோய் எனப் பெயர்பெற்ற தென்னை அடித்தண்டழுகல் நோய், கானோடெர்மா இனப் பூசணத்தால் உண்டாவதே. நோயுற்ற மரத்தின் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் வடியும். முற்றிய நிலையில் அடிமரத்தில் அக்காளானே வெளிப்படும். மண்ணில் நெடுநாள் வாழ்ந்து வேர்வழி அடுத்தடுத்த மரங்களுக்குப் பரவும் இயல்புடையது இந்நோய்.

ஆகவே தென்னை விளையும் பகுதிகளில் கானோடெர்மா வளர்ப்பு முற்றிலும் அகவளர்ப்பாகவே அமையவேண்டும். அறுவடை முடிந்த மரத்தூள் படுக்கைகளைத் தோப்பில் எருவாகக் கொட்டுதல் தகாது; அவற்றை எரித்துவிடுதலே பாதுகாப்பானது. தோப்பில் நோயுற்ற மரத்தடியில் முளைத்த கானோடெர்மாவைப் பறித்து விற்போர், மரத்தைப் பிழைப்பிக்கும் வழியையும் உடன் மேற்கொள்ளவேண்டும். சிப்பிக்காளான், பால் காளான் படுக்கை எச்சங்களுக்கு இத்தடை இல்லை. அவை மண்புழு உரமாக மாறி வாழை, காய்கறித் தோட்டங்களுக்குப் பயன்படும்.

வெப்பமா, வேதிப்பொருளா?

வைக்கோலைப் பதப்படுத்த இருமுறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று வெந்நீர் அல்லது நீராவி. மற்றொன்று 100 லிட்டர் நீரில் 7.5 கிராம் கார்பன்டாசிமும் 125 மில்லிலிட்டர் பார்மலினும் கலந்து வைக்கோலை 16 முதல் 18 மணி நேரம் ஊறவைத்தல். விறகும் கொதிகலனும் இல்லாதோர்க்கு இரண்டாம் முறை எளிது. ஆயினும் பார்மலினிலுள்ள பார்மால்டிகைடு கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிப்பது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் முதற்பிரிவில் வைத்தது. கையுறையும் முகமூடியும் இன்றி மூடிய அறையில் இக்கலவையைக் கையாள்வோரே முதலில் தீங்குறுவர். மேலும் மருத்துவப் பயன் கருதி உலர்த்திப் பொடியாக்கும் காளானில் பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. எச்சம் ஏதும் இருப்பின் அதுவும் செறிவுறும். எனவே வீட்டளவு வளர்ப்புக்கும் மருத்துவக் காளானுக்கும் வெப்பமுறையே தகுந்தது.

வளர்ப்போர், பறிப்போர் பாதுகாப்பு

முற்றிய சிப்பிக்காளான் கோடிக்கணக்கான வித்துத்துகள்களை உதிர்க்கும். மூடிய குடிலில் நாள்தோறும் அவற்றைச் சுவாசிப்போர்க்கு இருமல், காய்ச்சல், மூச்சிறுக்கம் ஆகியன தோன்றலாம். நாள்படின் நுரையீரல் அழற்சி நிலைபெறும். குடையின் விளிம்பு மேல்நோக்கி வளையுமுன் பறித்தலும், அறுவடையின்போது முகமூடி அணிதலும், உள்ளே செல்லுமுன் குடிலைக் காற்றாட விடுதலும் எளிய காப்புகளாகும். இவ்வறிகுறிகளைச் சளி என ஒதுக்காது, தம் தொழிலை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

புறவளர்ப்பில் உள்ள இடர் வேறு வகையது. முட்டைப் பருவ வைக்கோல் காளானும் கொடிய நஞ்சுடைய அமானிட்டா காளானின் இளம்பருவமும் தோற்றத்தில் ஒத்தவை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவில் குடியேறியோர் சிலர், தம் ஊர்க்காளான் எனக் கருதி அமானிட்டாவை உண்டு இறந்துள்ளனர். அமானிட்டா பெரும்பாலும் உயிருள்ள மரவேர்களோடு உறவுகொண்டு முளைப்பது. எனவே வித்திட்ட படுக்கையில் வெளிப்பட்டதை மட்டுமே பறித்து, மரத்தடி மண்ணில் முளைத்ததை விலக்குதல் நன்று. குடையை வெள்ளைத் தாள்மீது கவிழ்த்து ஓரிரவு வைத்தால் வித்துத்துகள் படியும். வைக்கோல் காளானுக்கு அது இளஞ்சிவப்பு, அமானிட்டாவுக்கு வெண்மை. மழைக்குப்பின் புல்வெளியில் முளைக்கும் நச்சுக் குடைக்காளான் ஒன்று பசுநிறத் துகளைப் படிவிக்கும். துகள்நிறம் ஐயத்தை எழுப்ப உதவுமேயன்றி, உண்ணலாம் என உறுதி கூறாது. வெள்ளிக்காசு கறுத்தல், பூண்டு நிறம் மாறுதல் போன்ற சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. அமானிட்டாவின் நஞ்சு சமைப்பதால் அழியாது. அறிகுறிகள் 6 மணி நேரத்துக்குப் பின்னரே தோன்றுவதால், உண்டவுடன் தீங்கில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

முடிவுரை

அகவளர்ப்பு உயர்ந்தது, புறவளர்ப்பு தாழ்ந்தது என்றோ, புறவளர்ப்பே இயற்கையானது என்றோ கூறுவதற்கு இடமில்லை என்பது மேற்கண்ட ஆய்வால் தெளிவாகிறது. மெல்ல வளரும் இழையும் சத்துமிக்க வளர்தளமும் குடிலையும் வெப்பத்தையும் வேண்டுகின்றன. விரைந்து வளரும் வெம்மை விரும்பியான வைக்கோல் காளான் திறந்தவெளியிலும் தன்னைக் காத்துக்கொள்கிறது. அண்டைப் பயிருக்கு இடர் தரவல்ல கானோடெர்மாவை நான்கு சுவர்களுக்குள் வைத்தல் வளர்ப்பாளரின் கடமை.

புதிதாகத் தொடங்குவோர் மூன்று வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே வித்தை வாங்குதல் நன்று. தம் ஊரின் வெப்பநிலை எந்த இனத்துக்கு எந்தத் திங்கள்களில் இசைகிறது? பறித்த காளான் வாடுமுன் உண்போரைச் சென்றடையுமா? பயிர் முடிந்தபின் எஞ்சும் படுக்கை எங்கே செல்லும்? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின், சிப்பிக்காளான் படுக்கைகள் பத்தைக் கொண்டு ஒரு பருவம் வளர்த்துப் பார்ப்பது குறைந்த செலவில் நிறைந்த அறிவைத் தரும். பழம்புலவரின் அடுப்பில் பசியின் சான்றாகப் பூத்த ஆம்பி, வெப்பத்தை அறிந்து கையாள்வோர் வீட்டில் அடுப்பேறும் உணவாகவும் வருவாயாகவும் அமையும்.